டிரைவர் வேஷம்

ஜூன் 21

அன்புள்ள டிரைவர் மாமாவுக்கு,

உங்கள் சுண்டெலி எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தப் பெரிய பஸ்ஸை ஓட்டி முடித்து இறங்கியதும் கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கச் சொல்லி அம்மா போன தடவை எழுதியிருந்தாளே, படுக்கிறீர்களா?

இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். தெருவிளக்கு வெளிச்சம் இந்த மூலையில் மட்டும்தான் விழுகிறது. நீங்கள் பதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் யூனிபார்ம் தைக்கிற அக்காவின் கடை விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். "காதல் கடிதம்னா நான் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பேன்" என்றார் தையல்காரக்கா. மாமா எழுதுவார் என்றதும், "அப்ப நீயே படிச்சுக்கோ" என்று ஒத்துக்கொண்டார்.

போன வாரம் அம்மா எங்கள் ஏழாம் வகுப்புக்கு ஒரு தலைவரைப் பற்றிய பாடம் நடத்தினாள். அவர் நாட்டில் கறுப்பு நிறத்தவர்கள் பஸ்ஸில் பின்னால்தான் உட்கார வேண்டுமாம். ஒரு பெண் எழுந்து இடம் விட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்போது இந்தத் தலைவர், யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். அவர் வீட்டில் குண்டு போட்டார்கள். அன்றைக்கும் கோபமாக வந்த கூட்டத்தை அவர் அமைதியாக வீட்டுக்குப் போகச் சொன்னார்.

புத்தகத்தில் வாசித்தால் மண்டையில் ஏறாது என்று அம்மா எங்களை நடிக்கச் சொன்னாள். நாற்காலிகளைப் பஸ் மாதிரி போட்டோம். மில் மேனேஜர் பொண்ணுதான் எழுந்திருக்காத பெண். டிரைவர் வேஷம் மட்டும் யாரும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் திரும்பி, "எந்திரிச்சுப் பின்னாடி போ" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஆனால் என்ன நினைத்துக்கொண்டு சொல்வது என்று தெரியவில்லை. அந்த டிரைவர் கோபமாக இருந்தாரா, பயந்தாரா, வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று நினைத்தாரா? அம்மாவைக் கேட்டேன். "பாடத்துல இல்ல" என்றாள். நீங்கள் டிரைவர், அதனால் உங்களைக் கேட்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் குச்சி என்று ஒருத்தி இருக்கிறாள். ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். லைன் வீட்டுப் பெண், அவள் அப்பா மில்லில் சுமை தூக்குகிறார். நடித்து முடித்ததும் அவள் எழுந்து, "டீச்சர், அங்கயும் நம்ம ஸ்கூல் பஸ் மாதிரிதானா?" என்று கேட்டாள்.

எங்கள் மில் பள்ளிக்கூட பஸ்ஸை நீங்கள் பார்த்ததில்லை. முன்பாதி ஆபீஸர்கள், டீச்சர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு, சீட்டுக்கு உறை உண்டு. பின்பாதி கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு, வெறும் பலகை. நடுவில் ஓர் இரும்புக் கம்பியைக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார்கள். எங்கேயும் எழுதிப் போடவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அம்மா சாக்பீஸைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு, "ஆமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மணி அடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் குச்சி கம்பிக்கு முன்னால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் ஆயா கத்தினார். குச்சி எழுந்திருக்கவில்லை. டிரைவர் மீசைக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்தார். பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். ஆயா குச்சியின் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். இனி அவளுக்குப் பஸ் கிடையாதாம். பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு என்ன பாடம் நடத்தினாய் என்று கேட்டிருக்கிறார்.

"மாமாவுக்கு ஒண்ணும் எழுதாதே, தூரத்துல இருக்கறவன்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சுண்டெலி

*

ஜூலை 9

அன்புச் சுண்டெலிக்கு,

மாமா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முதுகும் சொன்னபடி கேட்கிறது. நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. நீ பயப்பட இதில் ஒன்றுமில்லை. இதெல்லாம் நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். அம்மா பாடத்தைப் பாடமாக நடத்திவிட்டுப் போயிருக்கலாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாங்கள் விளையாடும்போது நான் கள்ள ஆட்டம் ஆடினால் என்னைக் காட்டிக்கொடுக்கிற முதல் ஆள் என் சொந்த அக்காவாகத்தான் இருப்பாள். அவளிடம் கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இங்கே வெயில் அதிகம். புது பஸ் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டியரிங் லேசாக இருக்கிறது. கேண்டீன் சாப்பாடு வழக்கம்போல மோசம். சொல்ல வேறொன்றும் இல்லை.

நன்றாகப் படி. அந்தப் பெண்ணோடு பஸ்ஸில் சேர வேண்டாம்.

பிரியமுள்ள,
மாமா

*

ஜூலை 17

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு லேசாகச் சளி, மற்றபடி ஒன்றுமில்லை. அம்மாவுக்குத்தான் தூக்கம் இல்லை.

நாலு நாளில் விட்டுவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விடவில்லை. அம்மாவுக்கு மெமோ வந்திருக்கிறது. பிள்ளைகளைத் தூண்டிவிட்டீர்களா என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை. மேனேஜரும் பெரிய டீச்சரும் இன்னும் ஒருவரும் உட்காருவார்களாம். அம்மா தூண்டினாள் என்றால் அம்மாவுக்கு வேலை போகும். இல்லை என்றால் குச்சி வேண்டுமென்றே ஒழுங்கை மீறினாள் என்று ஆகும், அவளுக்குப் பஸ் போனது போனதுதான். யாராவது ஒருவர் தலையில் போட்டால்தான் பைலை மூடுவார்கள் என்று அப்பா சொல்கிறார். அவர் மில் ஸ்டோர்ஸில் இருப்பதால் ஆபீஸ் பேச்சு எல்லாம் காதில் விழுகிறது.

நேற்று இரண்டு பேரும் சண்டை. நான் கணக்குப் போடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இந்த வீடு உன் வேலைக்குக் குடுத்தது. என் சம்பளத்துக்கு லைன் வீடுதான் குடுப்பான். தெரியும்ல?" என்றார் அப்பா.

"தெரியும். அதுக்காக என்ன எழுதித் தரணும்ங்கறீங்க?"

"அந்தப் பொண்ணு தானாத்தான் உக்காந்தான்னு எழுது. உண்மையும் அதானே? நீயா உக்காரச் சொன்னே?"

"நான் சொல்லலை."

"அப்புறம் எழுதறதுக்கென்ன?"

"எழுதினா அந்தப் புள்ளையைத் தூக்கிக் குடுத்த மாதிரி ஆகும்."

"தூக்கிக் குடுக்காட்டி நம்மைத் தூக்கி வெளிய போடுவான். தச்சனைக் கூப்பிட்டு அலமாரியைக் கழட்டச் சொல்லட்டுமா, இப்பவே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

குச்சி இப்போது நடந்து வருகிறாள். லைன் வீட்டிலிருந்து பள்ளிக்கு, கல் குவாரி லாரிகள் போகிற ரோடு ஒன்றுதான். பஸ் அவளைத் தாண்டும்போது அவள் ஓரமாகத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்கிறாள், புழுதிக்காக. மேனேஜர் பொண்ணு தன் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்கிறாள், யாரும் உட்காராதபடி. மணி அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். லேட்டாக வந்தால் வெளியே நிற்க வேண்டும். இப்படியே போனால் பேரை அடித்துவிடுவார்கள்.

நீங்கள் டிரைவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
சுண்டெலி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமா,

நலமா? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தையல்காரக்கா கடைக்கு மூன்று தடவை போய்விட்டேன். "உனக்கு யூனிபார்ம் தைச்சுத் தைச்சே நான் பணக்காரி ஆயிடுவேன் போல" என்று கிண்டல் செய்கிறார். பட்டன் பிய்ந்துவிட்டது என்று சொல்லித்தான் போகிறேன். பிய்ப்பதும் நான்தான்.

விசாரணை இருபதாம் தேதி. பெரிய டீச்சர் எங்கள் வகுப்பில் சிலரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். "டீச்சர்தான் அப்படி உட்காரச் சொன்னாங்கன்னு சொன்னா போதும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாராம். குச்சியையும் கூப்பிட்டு, டீச்சர் பேரைச் சொன்னால் மறுபடி பஸ்ஸில் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார்.

மாமா, உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். முதல் கடிதத்தில் குச்சி தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி எழுதினேன். அப்படி இல்லை. நான்தான் கூப்பிட்டேன். டிரைவர் வேஷம் போட்டதிலிருந்து எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. அவள் கம்பிக்குப் பின்னாலேயே நின்றாள். "வேண்டாம்டி, ஆயா கொன்னுடும்" என்றாள். நான், "எங்கம்மா சொன்னாங்கடி, உக்காரலாம்னு" என்றேன். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. டீச்சர் சொன்னார் என்றால் அவளுக்குத் தைரியம் வரும் என்று சொன்னேன். வந்தது. கம்பிக்கு அடியில் குனிந்து வந்து உட்கார்ந்தாள்.

இப்போது விசாரணையில் அவளைக் கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. டீச்சர் சொன்னாங்க என்பாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் நடந்தது. அம்மாவுக்கு வேலை போகும், வீடு போகும். நான் உண்மையைச் சொன்னால் அம்மாவின் மகளே தூண்டினாள் என்று ஆகும். இரண்டும் ஒன்றுதானே? அம்மாவிடம் சொல்லப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். குச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்? இருபதாம் தேதிக்குள் எழுதுங்கள். உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை.

சுண்டெலி

*

ஆகஸ்ட் 11

சுண்டெலிக்கு,

நலம். இதைப் படித்தவுடன் கிழித்துப் போடு.

யாரிடமும் எதுவும் சொல்லாதே. அம்மாவிடமும் வேண்டாம். விசாரணையில் உன்னைக் கேட்டால் "தெரியாது" என்று சொல். அந்த ஒரு வார்த்தை போதும். எதைக் கேட்டாலும் அதையே சொல். சின்னப் பிள்ளையை அதற்கு மேல் குடைய மாட்டார்கள். அம்மா கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள்.

நானும் உங்கள் மில் கம்பெனியின் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறேன், மறக்காதே. இந்த வேலை உன் அப்பா மேனேஜர் வீட்டு வாசலில் நின்று வாங்கிக் கொடுத்தது. அங்கே ஒரு பெயர் கெட்டால் இங்கேயும் கெடும்.

டிரைவரைப் பற்றி மறுபடி கேட்டிருக்கிறாய். டிரைவர் ஒன்றும் நினைக்க மாட்டான். அவன் ரோட்டைத்தான் பார்ப்பான். அது அவன் வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். அம்மாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

விசாரணை பெரிய டீச்சர் அறையில் நடந்தது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு சரியாகச் சாத்தாது, அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருப்பார்கள். உள்ளே பேசுவது கேட்டது. குச்சியை முதலில் கூப்பிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு செருப்பின் வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது.

"யாரும்மா உன்னை முன்னாடி உக்காரச் சொன்னது? பயப்படாம சொல்லு. டீச்சர்தானே?" இது மேனேஜர் குரல்.

"யாரும் சொல்லலை சார்."

"யாரும் சொல்லாம அங்க எப்படி உக்காருவே?"

"சீட்டு காலியா இருந்துச்சு சார்."

"காலியா இருந்தா உக்காந்துடுவியா?"

"ஆமா சார். சீட்டு அதுக்குத்தானே."

உள்ளே யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். பெரிய டீச்சர், "பஸ் வேணுமா வேண்டாமாடி உனக்கு?" என்றார். குச்சி வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள்.

அடுத்தது நான். "உன் பக்கத்துலதானே வந்து உக்காந்தா. யாராவது சொல்லி வந்தாளா?" என்று கேட்டார்கள். அம்மா அங்கேதான் மூலையில் நாற்காலியில் இருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"தெரியாது சார்" என்றேன்.

நீங்கள் சொன்னது சரி. அதற்கு மேல் கேட்கவில்லை.

முடிவு வந்துவிட்டது. அம்மாவுக்கு எச்சரிக்கை மட்டும். குச்சிக்கு இந்த வருஷம் முழுக்கப் பஸ் கிடையாது. நேற்று மழை. அவள் நனைந்து வந்தபோது கேட் சாத்தியிருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் பாவாடை மட்டும் தெரிந்தது.

மாமா, அன்றைக்கு அந்த அறையில் நானும் ரோட்டைத்தான் பார்த்தேன்.

சுண்டெலி

*

செப்டம்பர் 10

என் சுண்டெலிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அது வேறு.

உன் கடிதம் வந்து நாளாகிறது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். நான் உனக்கு எழுதியது பொய். டிரைவர் ரோட்டை மட்டும் பார்க்க மாட்டான். அவன் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருக்கிறது. வண்டிக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் அது.

இங்கேயும் அதே கம்பெனி, அதே கம்பி. முன்னால் சூப்பர்வைசர்கள், பின்னால் கூலியாட்கள். உன் முதல் கடிதம் வருவதற்கு முந்தின வாரம், ஷிப்ட் முடிந்து ஒருத்தன் ஏறினான். என் வயதுதான் இருக்கும். பாய்லர் நீராவி பட்டுக் காலில் கட்டு. கம்பி வரைக்கும் போக முடியாமல் முன் சீட்டில் உட்கார்ந்தான். சூப்பர்வைசர் ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி போப்பா" என்றேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். மறுநாள் ஏறும்போது, "வணக்கம் டிரைவர் சார்" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்த வணக்கத்தைத்தான் என்னால் இன்றுவரை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

என்ன நினைத்துக்கொண்டு சொன்னேன் என்று கேட்டாய். இதோ பதில். சூப்பர்வைசர் அதைச் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் வாயால் வந்தால் எனக்கும் திட்டு விழும். அவ்வளவுதான் சுண்டெலி. கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதனால்தான் எழுத வெட்கமாக இருந்தது.

உனக்கும் அதே வழியைக் காட்டிவிட்டேன். அதற்கு மாமாவை மன்னித்துவிடு.

நேற்று வண்டியைக் கழுவும்போது அந்தக் கம்பியைக் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். காலையில் ஏறியவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். இன்னும் யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
மாமா

*

செப்டம்பர் 21

அன்புள்ள மாமா,

நலமா? கம்பியைப் பற்றிக் கேட்டுவிட்டார்களா? உடனே எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இன்று பள்ளி விட்டு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரே துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்னு சொன்னியா?" என்றாள்.

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நாளைக்குப் போய் நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு வரேன்" என்றாள்.

"நீ சொல்லலையேம்மா."

"சொல்லலை. சொல்லியிருக்கணும். அந்தப் புள்ள எந்திரிச்சு நின்னு கேட்டப்ப, ஆமாங்கற ஒரு வார்த்தையோட மணியடிச்சுருச்சுன்னு தப்பிச்சு வந்தேன். விசாரணையில அவ எனக்காகச் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருந்தேன். உன்னை மட்டும் என்னத்தைச் சொல்றது?"

அப்பா வந்த பிறகு சத்தம் போடுவார் என்று காத்திருந்தோம். கேட்டுவிட்டு, கை கால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்துபோனார். இப்போது உள்ளே தூங்கவில்லை என்று தெரிகிறது, புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் காகிதத்தை மறைத்து எழுதுகிறேன்.

நாளை அம்மா போவதற்கு முன்னால் நான் பெரிய டீச்சர் அறைக்குப் போய்விடுவேன். நான்தான் என்று சொல்லப்போகிறேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதி வைக்கிறேன். எழுதிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்.

சுண்டெலி

*

அக்டோபர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? தையல்காரக்கா கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். நான் போனாலே தலையை மட்டும் ஆட்டுகிறார்.

போனேன் மாமா. வாசலில் திரும்பவில்லை. நான்தான் குச்சியைக் கூப்பிட்டேன், அம்மா சொன்னதாகப் பொய் சொன்னேன் என்று சொன்னேன். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்குத் தெரியாதுன்னியே. இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்கம்மாவைக் காப்பாத்த வந்திருக்கே. நல்ல பொண்ணுதான். கிளாசுக்குப் போ."

நம்பவே இல்லை. அப்போது அம்மா காகிதத்தோடு உள்ளே வந்தாள். அதை உடனே நம்பினார்கள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். நீங்கள் எழுதியதால்தான் தெரியாது என்றேன் என்று நான் நினைக்கவில்லை. சொன்னது என் வாய்தான்.

அம்மாவுக்கு வேலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குச்சியின் தண்டனையை எடுத்துவிட்டார்கள், பஸ்ஸில் ஏறலாம், பின்னால். அவள் ஏறவில்லை. நடந்தே வருகிறாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டில் அவளுக்காகக் காத்திருந்து, பொய் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள்.

"எப்படி?"

"டீச்சர் சொல்லணும்னா எங்கிட்டயே சொல்லியிருப்பாங்க. உங்கிட்ட எதுக்குச் சொல்லி அனுப்பறாங்க?"

"அப்புறம் ஏன் வந்து உக்காந்தே?"

"எனக்கு உக்காரணும்னு இருந்துச்சு. எத்தனை நாளா அந்த சீட்டு உறையைப் பாத்துக்கிட்டே வரேன். நீ ஒரு சாக்கு குடுத்தே." கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆனா நீ ரொம்ப மோசமான டிரைவர்டி. பின்னாடி போன்னு சொல்லும்போது கெஞ்சற மாதிரி இருந்துச்சு" என்றாள். மூன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு சிரித்தது அப்போதுதான்.

அப்பா தச்சனைக் கூட்டிவந்து அலமாரியைக் கழற்றினார். ஸ்குரூக்களை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து, "பத்திரம். அங்கயும் மாட்டணும்ல" என்றார்.

எழுதுங்கள் மாமா. ஒரு வரி போதும்.

சுண்டெலி

*

நவம்பர் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கே நீங்கள் இல்லை என்றால் யாராவது உங்களிடம் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன். காலில் கட்டுப் போட்டவர் சேர்க்கலாம். நம் கடிதங்களைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கம்பியைப் பற்றிச் சொன்னதும் அவள் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "கள்ள ஆட்டம் ஆடறவன்" என்று மட்டும் சொன்னாள்.

இனி தையல்காரக்கா கடைக்கு எழுத வேண்டாம். புது விலாசம் மேலே இருக்கிறது. லைன் வீடு, ஒரே அறை. குச்சி வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி. அலமாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அப்பா பக்கவாட்டில் நுழைந்துதான் வேலைக்குப் போகிறார். இதைப் பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே எழுதுகிறேன். வெளியே சின்னப் பிள்ளைகள் வாளிகளைக் கவிழ்த்து வைத்து பஸ் விளையாடுகிறார்கள். அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். இங்கேயும் டிரைவர் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் எழுதினேன். குச்சியைக் கெஞ்சி பஸ்ஸுக்குக் கூட்டிவந்தேன். லைன் வீட்டுக்கு மாறிய பிறகு எனக்கும் இதுதான் முதல் தடவை, அதுவரை அவளோடு நடந்தேன். ஏறியதும் ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இப்ப இங்கதானே குடியிருக்கே? பின்னாடி போ."

கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் பொண்ணு பக்கத்து சீட்டில் பை இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். நாங்கள் இருவரும் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"எந்திரிங்கடி. யாருகிட்ட விளையாடறீங்க?" ஆயா முன்னால் திரும்பினார். "வண்டியை நிறுத்துங்க. இதுங்களை இறக்கிவிட்டாத்தான் சரிப்படும்."

மீசைக்காரர் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் பார்த்தார். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்கு அந்தக் கண்ணாடி இருப்பதே தெரிந்திருக்காது. நானும் அதில் அவரைப் பார்த்தேன். அவர் கண் மட்டும் தெரிந்தது. குச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காது கேக்கலையா? நிறுத்துங்கங்கறேன்" என்றார் ஆயா.

அன்றைக்கு எஞ்சினை அணைத்தவர்தான் அவர். இன்றைக்குக் கியரை மாற்றினார். வண்டி வேகமாகப் போனது, ஆயா கம்பியை விட்டுவிட்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டார். பள்ளி வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை.

நாளை என்ன செய்வார்கள் என்று தெரியாது. அவரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். நாங்கள் நாளையும் ஏறுவோம்.

நான் வழி முழுக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தார் மாமா.

உங்கள்,
சுண்டெலி